பூதத்துக்கு எம்புட்டு பவர்?

"ஊரே வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு நிக்குது. உம் மகளுக்கு இன்னைக்குமா ஆத்தா சண்டை?"

முக்குக் கடை பொன்னுத்தங்கம் அக்கா வாசலில் நின்று கேட்டபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"யாரு கூடக்கா?"

"வேற யாரு? மாரித்தாய் மக பானுப்பிரியா கூடத்தான். தகப்பன் இல்லாத புள்ளையை தினமும் எங்க கடை முன்னால உக்கார வச்சு ஒரே கத்தல். அது அஞ்சாப்பு, உம் மக ஏழாப்பு. விட்டுக்கொடுத்தா கொறைஞ்சா போயிருவா? தோத்தேன்னு ஒரு வார்த்தை வாயில வரலையே! அம்புட்டுத் திமிரு."

கைப்பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அக்கா பின்னாலேயே ஓடினேன்.

நாலரை மணிக்கு ஒரு வெடிச் சத்தம் கேட்டிருந்தது. தாயில்பட்டிப் பக்கம் புகை. அங்கேதான் மாரித்தாய் மதினி பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் வீட்டுக்காரர் போன வருஷம் ஒரு வெடிவிபத்தில்தான் போனார்.

கம்பெனி வண்டி தினமும் ஐந்தரைக்குக் கடை முன்னால் வந்து நிற்கும். அன்று ஆறே கால் ஆகியும் வரவில்லை. கடைக்கார அண்ணாச்சி ஒரு ரூபாய் போனில் கம்பெனிக்கு அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணி போகுது. ஒரு பய எடுக்க மாட்டேங்கான்."

பெண்கள் ரோட்டையே பார்த்து நின்றார்கள். பேசியது என் மகள் வேல்விழி மட்டும்தான். பேச்சா அது, கூப்பாடு!

"எங்க பூதத்துக்கு பவர் முடிவிலிடி! எண்ணி முடியவே முடியாது!"

"எங்க ராணிக்கு முடிவிலியோட இன்னும் ஒண்ணு!"

பூதமும் ராணியும் அவர்களாகவே நோட்டில் வரைந்து வைத்திருக்கிற ஆட்கள். ஒற்றைக்கண் பூதம் என் மகளுடையது. பறக்கிற ராணி பானுவுடையது. இருவரில் யாருக்கு பவர் அதிகம் என்பதுதான் மாதக்கணக்காக நடக்கிற சண்டை.

"ஒண்ணு சேத்தாலும் அது அதே முடிவிலிதான். எங்க கணக்கு சார் சொல்லிருக்காரு."

"அப்ப ரெண்டு முடிவிலி!"

"ரெண்டு சேத்தாலும் அதேதான், போடி."

பானுவின் முகம் சுருங்கியது. மெல்ல ரோட்டுப் பக்கம் திரும்பினாள். என் மகள் அவள் சடையைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள்.

"அங்கன என்னடி பார்வை? இங்கன பாத்து பதில் சொல்லு!"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பொன்னுத்தங்கம் அக்கா, 'பாத்தியா?' என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"எங்க பூதத்துக்கு ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல இருக்க புள்ளி எண்ணு அம்புட்டும் பவரு. அதை வரிசையில நிறுத்தக்கூட முடியாது. உன் முடிவிலியை விட இது பெரிய முடிவிலி!"

"முடிவிலியில ஏதுடி பெருசு சிறுசு?"

"இருக்கு. சார் சொன்னாரு."

பானு விடவில்லை. "அப்ப எங்க ராணிக்கு அதுக்கும் மேல ஒண்ணு!"

"அது என்னது? சொல்லு, சொல்லு!"

அந்த நேரம் சண்முகவேல் பொண்டாட்டி, "எம் புருஷனைக் காணலையே!" என்று பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தாள். வேல்விழி அதற்கும் மேலே கத்தினாள்.

"சொல்லத் தெரியலேன்னா பூதம்தான் ஜெயிச்சது! பூதம்தான்!"

"ஏ கழுதை, வாயை மூடு!" என்றார் அண்ணாச்சி.

என்னால் பொறுக்க முடியவில்லை. போய் அவள் முதுகில் ஒன்று வைத்தேன்.

"எந்திரி. மனுசப் பிறவிதானா நீ?"

"கொஞ்சம் இரும்மா." அவள் எழுந்திரிக்கவில்லை. பானுவை விட்டுக் கண்ணை எடுக்காமலே என்னைத் தள்ளிவிட்டாள். கோபம் என்று நினைத்தேன்.

பானு கைதட்டினாள். "உங்கம்மா அடிச்சிட்டாக! பூதம் தோத்துப்போச்சு!"

"அடி வாங்குனது நான்டி. பூதம் இல்ல!"

இன்னொரு அடிக்குக் கையை ஓங்கினேன். அப்போதுதான் வண்டி ஹாரன் கேட்டது.

வண்டி நிற்பதற்குள் பெண்கள் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். சண்முகவேல் முதலில் குதித்தார். அடுத்து மாரித்தாய் மதினி, கையெல்லாம் வெள்ளி மருந்துப் பொடியோடு.

"ஒண்ணுமில்ல, பயப்படாதீக. பக்கத்துக் காட்டுல கழிவு வெடியை எரிச்சிருக்காக, அதான் சத்தம். ரோட்டை மறிச்சதுல நேரமாயிருச்சு."

பானு ஓடிப்போய் மதினியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

என் மகள் எழுந்து நின்று கத்தினாள். "ஏ பானு! உங்க ராணிதான்டி பெருசு! நான் தோத்துட்டேன்!"

"தெனமும் இதே கூத்துதான். வண்டி வந்ததும் சொல்றதை அப்பவே சொல்லித் தொலைச்சா என்ன?" என்று முனங்கிக்கொண்டே அக்கா கடைக்குள் போனாள்.

வீட்டுக்கு நடக்கும்போது நானும் அதையேதான் கேட்டேன்.

வேல்விழி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

"அப்பவே தோத்துட்டேன்னு சொன்னா சண்டை முடிஞ்சிரும்லம்மா. முடிஞ்சா அவ புகையைப் பாக்க ஆரம்பிச்சிருவா."