மேல் சேறு

பிரஷ் நுனியை உதட்டில் நனைத்துக்கொள்வது ரெக்சலினின் பழக்கம். ஆழ்கடலில் குழாய் இறக்கி எடுத்த சேற்றிலிருந்து, மணலைவிடச் சிறிய உயிர்களின் ஓடுகளை அந்த ஈர நுனியால் ஒற்றி எடுத்து, கறுப்பு அட்டையின் கட்டங்களில் காலவாரியாக வைப்பாள். சேற்றில் அடியில் கிடப்பது பழங்காலம், மேலே படிந்திருப்பது அண்மைக் காலம். ஓடுகள் நிறைந்த காலத்தில் கடல் செழித்திருந்தது. குறைந்த காலத்தில் பட்டினி கிடந்தது. அதைத்தான் அவள் எழுதினாள். துறைமுகம் கட்டுகிறவர்கள் அதையே ஊர்க் கூட்டத்தில் வாசித்துவிட்டுச் சொன்னார்கள்: கடலில் வளம் குறைவது எந்தக் காலத்திலும் உள்ளதுதான், அதற்கு யாரும் பொறுப்பில்லை.

மறுநாள் அவள் அண்ணன் மிக்கேல், கடலிலிருந்து கரையேறிய கையோடு ஆய்வகத்துக்கு வந்து நின்றான்.

"ஏட்டி, அவனுவ தூர்வாரத் தொடங்குன பொறவுதான் மீன்பாடு செத்துச்சு. அந்த வருசமெல்லாம் இதுல எங்க இருக்கு? காட்டு."

"இதுல இல்லண்ணே. மேல் சேறு கஞ்சி மாதிரி இருக்கும். குழாய மேல தூக்கும்போதே வழிஞ்சிரும்."

"வழிஞ்சத என்ன செஞ்சிய?"

"கப்பல் தளத்தோட சேத்துக் கழுவி விட்டுட்டோம்."

மேல் சேற்றுக்கான முதல் கட்டம் அட்டையில் காலியாகக் கிடந்தது. மிக்கேல் அதன்மேல் விரலை வைத்தான்.

"அப்ப நாங்க இதுதானா?"

அவள் லென்ஸில் குனிந்துகொண்டாள். நிமிர்ந்தபோது அவன் போய்விட்டிருந்தான். அந்தக் கட்டத்தில் அவன் விரலிலிருந்து உதிர்ந்த மீன் செதில் ஒன்று மின்னியது. வெளிப்பொருள் எதுவும் அட்டையில் கலக்கக் கூடாது. பிரஷ்ஷை உதட்டில் நனைத்து, செதிலை ஒற்றி எடுத்துக் குப்பைக்கூடையில் தட்டினாள்.