சேதி சொல்லும் வண்டி

"இந்த வண்டி எங்களுக்கு வேண்டாம். திருப்பி எடுத்துட்டுப் போங்க."

ராணுவத்துக்கு வாங்கும் வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார். கண்ணிவெடி புதைத்த பாதையில் சிப்பாய்களுக்கு முன்னால் போகவேண்டிய ஆளில்லா வண்டி அது. வெளிநாட்டுச் சரக்கு. அதன் வயிற்றிலிருந்து கழற்றிய நகத்தளவு கருவி ஒன்று மேஜைமேல் கிடந்தது.

வண்டியை விற்க வந்த ஏஜென்டுக்கு முகம் தொங்கிப்போனது.

"சார், வண்டி எங்க நிக்குதுன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சாத்தானே ரிப்பேர்னா ஓடி வர முடியும்? உங்க நல்லதுக்குத்தான் வெச்சோம்."

"நல்லதுன்னா சொல்லிட்டு வைக்கறதுதானே? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிட்டு, நல்லதாம்! பின்னாடி எங்க பசங்க நடந்து வருவாங்க. அவங்க இருக்கற இடம் கடல் தாண்டி எவனுக்கோ தெரிஞ்சா, உயிருக்கு யாரு பொறுப்பு?"

ஏஜென்ட் வண்டியைத் திருப்பி அனுப்பப் போனை எடுத்தார்.

சாயங்காலம் வீட்டில் அதிகாரி இதைப் பெருமையாகச் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை.

"ஊருக்குத்தான் உபதேசம். நம்ம பொண்ணு ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில இதே மாதிரி ஒண்ணு ஒளிச்சு வெச்சிருக்கீங்களே, அது என்ன கணக்கு?"

"நைட் டூட்டி நர்ஸ்டி அவ! ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்துட்டாள்னு போன்ல பாத்தாத்தான் எனக்குக் கண்ணு மூடும். போன மாசம் ஒரு நாள் ஒண்ணுமே காட்டாம, விடிய விடிய வாசல்ல நின்னேனே! நல்லவேளை, மறுநாள் தானா சரியாயிடுச்சு. எல்லாம் அவ நல்லதுக்குத்..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். ஏஜென்ட் சொன்ன அதே வார்த்தை.

திருப்புளியோடு படியிறங்கினார். அவளுக்குத் தெரிவதற்குள் கழற்றிவிட வேண்டும். தெரிந்தால், அப்பா தன்னை நம்பவில்லை என்றல்லவா நினைப்பாள்?

சீட்டைத் தூக்கிக் கையை விட்டவர், சத்தம் கேட்டுத் திரும்பினார். பின்னால் ஹெல்மெட்டோடு மகள்.

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி விழித்தார்.

"தப்புதாம்மா. உங்கிட்ட சொல்லாம வெச்சுட்டேன். இதோ, கழட்டிடறேன்."

"இருக்கட்டும்ப்பா."

"உனக்கு... முன்னாடியே தெரியுமா?"

அவர் கையிலிருந்த திருப்புளியை மெல்ல வாங்கிக்கொண்டு மகள் சிரித்தாள்.

"போன மாசம் இதோட பேட்டரி தீர்ந்துபோய் ராத்திரி பூரா வாசல்ல நின்னீங்களே... மறுநாள் புதுசு வாங்கிப் போட்டது யாருன்னு நினைச்சீங்க?"