திரைக்குப் பின்பக்கம்

வல்லத்தில் ஊர்க்காரர்கள் வேர்க்கடலை போடும் அந்த மல்லாட்டைக் கொல்லை காலனிக்குச் சொந்தம் என்று வழக்குப் போட்டவர் வளர்மதியின் நைனா. போன வருஷம் அந்தக் கொல்லையிலேயே செத்துக் கிடந்தார்.

அதன் வரப்பில்தான் செஞ்சியிலிருந்து படம் காட்ட வந்த பார்த்திபன் திரை கட்டி, வெள்ளைக்காரர்கள் செவ்விந்தியர் நிலத்தைப் பிடுங்கும் பழைய ஊமைப்படத்தைப் போட்டான். ஊர்க்காரர்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். காலனிக்காரர்கள், யாரும் சொல்லாமலே, திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள்.

கடைசியில் செவ்விந்தியனைச் சுட்டார்கள். விழுந்தான். முன்பக்கம் விசில் பறந்தது.

படம் முடிந்ததும் வளர்மதி வந்தாள். "அந்தாளு சாவலையே சார். எழுந்து எங்களத் தாண்டி கொல்லைக்குள்ள போனாரு. நீங்க பாக்கல?"

காலையில் திரை கட்டிய கழியைப் பிடுங்க வந்த பார்த்திபன் பார்த்தான். திரையின் அடியிலிருந்து வெறுங்கால் தடம் கொல்லைக்குள் போயிருந்தது. திரும்பவில்லை. நைனா கிடந்த இடத்தில், ஓர் ஆள் நீளத்துக்குச் செடிகள் நசுங்கிக் கிடந்தன.