உண்டியலுக்கு வராத கமிஷன்

"ஊர்ப் பணத்துல கை வச்சவன் உருப்பட்டதா சரித்திரமே கிடையாதுப்பா!"

ஆட்டோ ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார் முருகேசன். எதிரே ஜான்சன் தன் ஆட்டோ கண்ணாடியைத் துடைத்தபடி சும்மா சிரித்துக்கொண்டு நின்றான். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னே என்ன? பட்டுப் புடவை எடுக்க வருகிறவர்களைக் கடையில் கொண்டுபோய் விட்டால், கடைக்காரர் டிரைவருக்குக் கமிஷன் தருவார். அது அப்படியே ஸ்டாண்டு உண்டியலுக்குப் போக வேண்டும். அந்த வருஷம் ஸ்டாண்டில் யார் வீட்டில் கல்யாணமோ, மொத்தமும் அவர்களுக்கு. இந்த வருஷம் முருகேசன் மகள் ஏலவார்குழலிக்குக் கல்யாணம். உண்டியல் சாவி ஜான்சனிடம்.

"நேத்து பெரிய பார்ட்டி ஒண்ணை இட்டுக்கினு போனியாமே? கடை வாட்ச்மேன் சொல்லிட்டாரு."

"ஆமாண்ணே, போனேன்."

"முகூர்த்தப் புடவை எடுத்தாங்களா?"

"எடுத்தாங்கண்ணே. அரக்கு கலரு. சூப்பரா இருந்துச்சு!"

"கலரை யாருடா கேட்டா? கமிஷன் எங்க?"

"நான் வாங்கலண்ணே. அதை பில்லுல கழிச்சிடச் சொல்லிட்டேன்."

முருகேசன் பக்கத்து ஆட்டோ குருவைப் பார்த்தார்.

"கேட்டியாப்பா நியாயத்தை! என் பொண்ணு கல்யாணத்துக்கு வர வேண்டிய காசை, ஐயா எவனுக்கோ தானம் பண்ணிட்டு வந்துக்கிறாரு! இதுக்குப் பேரு கையாடல் இல்லாம வேற இன்னா?"

"தப்புதாண்ணே," என்றான் குரு.

ஜான்சன் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, கொஞ்சம் தனியா வாங்க. சொல்றேன்."

"தனியா இன்னாடா ரகசியம்? நாலு பேர் முன்னாடி சொல்லு. மொதல்ல சாவியைக் குடு!"

ஜான்சன் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தான்.

"வந்தவங்க அரக்கோணம்ணே. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. பொண்ணு வீட்ல சொன்னா விருந்து, அது இதுன்னு செலவு பண்ணுவாங்கன்னு சொல்லாமலே வந்தாங்களாம். வண்டியில பேசிக்கினே வந்தாங்க."

"அதுக்கு?"

"பொண்ணு பேரு ஏலவார்குழலின்னாங்கண்ணே."

முருகேசன் கையிலிருந்த சாவியையும் ஜான்சனையும் மாறி மாறிப் பார்த்தார். குரு அவசரமாக வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினான்.

"நான் கமிஷனை வாங்கி உண்டியல்ல போட்டிருந்தா, சம்பந்திகிட்டயே கமிஷன் அடிச்சவருன்னு நாளைக்கு உங்களைத்தானேண்ணே ஊரே பேசும்?"