சத்தம் இருக்கட்டும்

போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான் பெரியவன். மேசைக்கடியில் சின்னவனின் கம்ப்யூட்டர் மாவு மில் மாதிரி இரைந்துகொண்டிருந்தது.

"ராத்திரி பூரா மெஷின் முன்னாடி நின்னுட்டு வர்ற மனுஷன்," என்றாள் அண்ணி, கதவருகே நின்று. "பகல்லயாவது கண்ணை மூடட்டுமே தம்பி. நீங்க ஹெலிகாப்டர் ஓட்டுறீங்க."

"அவனை விடு," போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "விளையாடட்டும். எனக்கு ஒண்ணும் தொந்தரவில்ல."

அதுதான் சின்னவனை அறுத்தது. அண்ணன் திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கத்திவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே போயிருக்கலாம். இப்படி விட்டுக்கொடுக்கிறவனிடம் என்ன செய்வது?

தன் தொழிற்சாலையிலேயே இவனுக்கும் இரவு வேலை வாங்கிக் கொடுத்தவன் அண்ணன். ஒரு வாரம்கூடத் தாங்காமல் இவன் ஓடிவந்தபோது, "எல்லாருக்கும் ஒத்துவராதுடா" என்று மட்டும் சொன்னான். அன்றிலிருந்து அண்ணன் உழைக்கிறான், இவன் திரையில் ஆட்களைச் சுடுகிறான்.

அண்ணி கட்டிலில் உட்கார்ந்து கணவனின் கைக்குக் களிம்பு தடவினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தடிப்புத் தடிப்பாய்க் கொசுக்கடி. "கம்பெனிக்குள்ள எங்கிருந்துதான் இவ்வளவு கொசு வருதோ."

"ஜன்னலைத் திறந்து போட்டிருப்பாங்க," என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. "உழைக்கிறவனைத்தான் கொசுவும் கடிக்குது. வீட்டோட கிடக்கிறவனை அதுகூடச் சீந்த மாட்டேங்குது."

சின்னவன் கம்ப்யூட்டரை அணைத்தான்.

மறுநாள் கம்ப்யூட்டர் பெட்டியைக் கூடத்துக்குத் தூக்கிவந்து பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். உள்ளே தூசி பழைய கம்பளித் துண்டு மாதிரி படிந்து கிடந்தது. பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தான். பிராசஸர் மேல் பூசியிருந்த பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினான். கடகடத்த ஃபேனை மாற்றி, திருகுகளுக்கு அடியில் ரப்பர் வளையம் கொடுத்தான்.

சூடான காற்று வெளியே போகட்டும் என்று பெட்டியை மறுபடி அறையில் மேசைக்கடியில், சுவரை விட்டுத் தள்ளி வைத்தான். சூடு ஏறினால் மட்டும் ஃபேன் வேகமெடுக்கும்படி செட்டிங்கைத் திருத்தினான். கிராபிக்ஸ் கார்டு தலைதெறிக்க ஓடாதபடி விளையாட்டின் வேகத்துக்கும் ஒரு வரம்பு வைத்தான்.

"இந்த அக்கறையை அந்த வேலையில காட்டியிருந்தா..." என்று ஆரம்பித்த அம்மா பாதியில் நிறுத்திக்கொண்டாள். நிறுத்தியதுதான் அதிகம் சுட்டது.

விளையாட்டைப் போட்டுப் பார்த்தான். பெட்டி ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அடுப்படிக் குழாய் சொட்டுவது அறைவரை கேட்டது.

அண்ணி எட்டிப் பார்த்தாள். "என்ன, கரண்ட் போயிடுச்சா?"

"இல்ல அண்ணி. ஓடுது."

"அட." அவள் அவனைப் பார்த்துச் சிரித்து நாளாகியிருந்தது.

பெரியவன் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தான். போர்வை ஏறியது. உள்ளே ஏதோ சரசரத்து, சட்டென்று நின்றது. புரண்டான். எழுந்து வீட்டின் பின்பக்கம் போனான். அங்கே அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தான். கூடத்தில் அண்ணி இருந்தாள். மறுபடி கட்டிலிலேயே வந்து உட்கார்ந்தான்.

"தூக்கம் வரலையாண்ணா?"

"அதைப் பழைய மாதிரியே வச்சிடுடா." அண்ணன் இவன் முகத்தைப் பார்க்கவில்லை. "இவ்வளவு அமைதி எனக்கு ஒத்துக்கல. பல்லி நடக்கிறதுகூடக் கேட்குது."

"உனக்காகத்தானே இவ்வளவும்..."

"தெரியும்டா. சத்தம் இருக்கட்டும்."

காலி வாளியோடு உள்ளே வந்த அம்மா அதைக் கேட்டுவிட்டாள். "எங்க நீ விளையாடுறதை விட்டுட்டு மூலையில முடங்கிடுவியோன்னு அவன் தூக்கத்தை விட்டுக்கொடுக்கிறான். நீயும் அவனும் ஒரே வயித்துல பொறந்தீங்கன்னு சொன்னா யார் நம்புவா?"

சின்னவனுக்குக் காது மடல்கள் சுட்டன. அண்ணன் இப்படித் தாங்கித் தாங்கியே தன்னைக் குனியவைக்கிறான் என்று ஆத்திரம் வந்தது. ஆத்திரப்பட்டதற்கே அடுத்த நிமிடம் கூசியது. மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஃபேன்களை முழு வேகத்துக்கு ஏற்றினான்.

மாவு மில் மறுபடி ஓட ஆரம்பித்தது. அண்ணி வாசல்வரை வந்து அவனை ஒரு பார்வை பார்த்தாள். இனி இவனிடம் சொல்ல ஒன்றுமில்லை என்பதுபோலத் திரும்பிப் போனாள். அண்ணனின் போர்வை மெல்லத் தலைக்கு மேல் ஏறியது.

சின்னவனுக்கு விளையாடக் கை வரவில்லை. மிஞ்சிப்போன ரப்பர் வளையங்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டான். ஒன்று மேசையிலிருந்து உருண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது. மண்டியிட்டுக் கையை நீட்டித் துழாவியபோது அவன் தலை அண்ணனின் தலையணையை ஒட்டி வந்தது.

போர்வைக்குள் போனின் வெளிச்சம். அந்த இரைச்சலுக்கு அடியில் அண்ணன் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"வேலை போனது வீட்டுக்கு இன்னும் தெரியாது சார், எந்த வேலை இருந்தாலும் சொல்லுங்க."