தாய்க் கடியாரம்

மூன்றாவது தடவையாகவும் கழற்றிப் பார்த்தாயிற்று. மோட்டார் அறைக் கடியாரத்தில் வலியுல்லாவால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ராயப்பேட்டையில் இருந்த அந்த அச்சாபீஸின் ஒன்பது கடியாரங்களுக்கும் பதினாறு வருஷமாக அவர்தான் பொறுப்பு. திங்கட்கிழமை தோறும் காலையில் வந்து சாவி கொடுத்து, ஒன்பதையும் ஒரே நேரத்துக்கு வைத்துவிட்டுப் போவார். போன திங்கட்கிழமையும் அப்படித்தான் வைத்தார்.

அன்று மதியம் மோட்டார் அறையில் மணி ஒன்றாகிச் சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும், எல்லா மிஷின்களையும் ஓட்டும் விசையை மோட்டார்காரர் போட்டார். அடுத்த கட்டடத்தில், பைண்டிங் பகுதிக் கடியாரத்தில் அப்போது பன்னிரண்டு ஐம்பத்து நாலுதான். இன்னும் நேரம் இருக்கிறதே என்று தாள் மடிக்கும் மிஷினுக்குள் கையை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள் சொர்ணம். பல்சக்கரம் வலக்கையை இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். அவளுக்கு இருபத்திரண்டு வயசு.

வலியுல்லா போய்ப் பார்த்தபோது சொர்ணம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் தாய் முனியம்மாள்தான் வராந்தா வரை கூட வந்தாள். அழுது தீர்ந்த முகம்.

“எங்க கடியாரத்துல மணி ஒண்ணு ஆவவே இல்ல பாய். அப்பால இன்னாத்துக்கு மிசின் ஓடிச்சு?”

அதையேதான் அவரும் தம்மைக் கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் பைண்டிங் கடியாரத்தோடு சேர்ந்து ஓடிய மோட்டார் அறைக் கடியாரம் மதியத்துக்குள் ஆறு நிமிஷம் எப்படி முந்தும்? தம் கண் மங்கிவிட்டதா, கை தவறிவிட்டதா என்று யோசித்து யோசித்து அவருக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

கடியாரத்தை மூடி வைத்தபோது வாட்ச்மேன் சேட்டு வந்து, மேனேஜர் கூப்பிடுவதாகச் சொன்னான். சீட்டைக் கிழிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டே வலியுல்லா படியேறினார்.

மேனேஜர் பஞ்சாட்சரம் அவரை உட்காரச் சொன்னதே அதிசயம். மேஜையில் மூன்று கம்பெனிகளின் விலைப் பட்டியல் கிடந்தது. இனி இப்படி ஒரு விபத்து நடக்கக் கூடாது, எது வாங்கினால் கட்டுப்படியாகும் என்று கேட்டார்.

முதல் பட்டியலில் இருந்தவை இதே மாதிரி சாவி கொடுக்கிற கடியாரங்கள், விலை குறைவு. இரண்டாவதில் எல்லாப் பகுதிக்கும் ஒரு மின்சார மணி. மூன்றாவதில் இருந்ததை வலியுல்லா கேள்விதான் பட்டிருந்தார். நடுவில் ஒரு தாய்க் கடியாரம். மற்ற எட்டும் வெறும் முகமும் முள்ளும்தான். அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் கம்பி வழியாக மின்சாரம் போய் எட்டையும் ஒன்றாக நகர்த்தும். விலை முதலாவதைப் போல நாலு மடங்கு. அது வந்தால் அவருக்கு அங்கே வேலையும் இருக்காது.

வலியுல்லா மூன்றாவது பட்டியலை முன்னால் நகர்த்தினார். “இதை வாங்குங்க ஐயா. என் பிழைப்பு போனாலும் போவுது. இன்னொரு பொண்ணு கை போவக் கூடாது.”

பழைய பென்சில் துண்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுப் பென்சில் தருகிற மனிதர் பஞ்சாட்சரம். விலையைப் பார்த்து முகம் சுளிப்பார் என்று வலியுல்லா காத்திருந்தார். பஞ்சாட்சரம் வேறொன்று கேட்டார்.

“தாய்க் கடியாரத்துல முள்ளை நகர்த்தினா, மத்த எட்டும் அதோடயே நகருமா?”

“ஒரு விநாடி முன்ன பின்ன ஆவாது ஐயா.”

பஞ்சாட்சரம் ஆர்டர் காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். இந்த மனிதரைப் பதினாறு வருஷமாகத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று வலியுல்லா வெட்கப்பட்டார். சலாம் வைத்துவிட்டு எழுந்தார்.

உட்காரும்படி கைகாட்டினார் பஞ்சாட்சரம். தாய்க் கடியாரம் தம் அறையில்தான் இருக்கும் என்றும், அதன் சாவியை வலியுல்லாவே வைத்துக்கொண்டு தினமும் வரவேண்டும் என்றும் சொன்னார். சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் கூடுதலாகவே கிடைக்குமாம்.

இந்தக் கடியாரத்துக்குத் தினமும் செய்ய என்ன இருக்கிறது, மாசம் ஒரு தடவை பார்த்தால் போதுமே என்றார் வலியுல்லா.

பஞ்சாட்சரம் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“சாப்பாட்டு வேளையில தினம் ஆறு நிமிஷம் முன்னால தள்ளி, வேலை விடுறதுக்குள்ள பழையபடி பின்னால வெச்சுடணும் பாய். சேட்டு ரூம் ரூமா ஓடித் தள்ளினதுலதான் அன்னிக்கு பைண்டிங் விட்டுப் போச்சு.”