தட்டில் இல்லாத பெயர்

“வயலின் வாசிச்சது யாருன்னு கேட்டுக்காம வீட்டுக்கு வராதீங்கன்னுட்டா சார், எங்க வீட்ல,” என்றான் அசோகன், செய்தித்தாளில் சுற்றிய ஆறு இசைத்தட்டுகளை மேஜைமேல் வைத்துவிட்டு. ஜோகுபாளையத்திலிருந்து மல்லேசுவரம் வரை இரண்டு பஸ் மாறி, அவற்றை மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்திருந்தான்.

சீனிவாசராகவன் ஒவ்வொரு தட்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கீறல் இல்லை. “கோமளம், ஆபீஸ்லேர்ந்து அசோகன் வந்திருக்கான். காபி கொண்டா,” என்று மனைவிக்குக் குரல் கொடுத்துவிட்டு, “உட்காருப்பா. வயலின் கிடக்கட்டும், பாட்டு எப்படி இருந்தது?” என்றார்.

ஆபீசில் அவர் சூப்பரின்டெண்ட், அசோகன் டைப்பிஸ்ட். ஃபைலில் ஒரு கமா தவறினாலும் கடித்துக் குதறுகிற மனிதர், சனிக்கிழமையானால் மட்டும் ஆளே மாறிவிடுவார். யாராவது ஒருவரின் மேஜைமேல் ஓர் இசைத்தட்டை வைப்பார். கூடவே ஒரு சீட்டு: ‘இந்த வாரம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள். இரண்டாம் பக்கத்தை முதலில் போடவும்.’ ஒரு வாரம் பக்திப் பாட்டு, மறுவாரம் நாடகப் பாட்டு, அதற்கடுத்த வாரம் கன்னட தேவர்நாமா. பாடியவர்களும் தட்டுக்கு ஒருவர். ‘சாரோட ரசனை ஒரு கதம்பம்’ என்று அவர் முதுகுக்குப் பின்னால் சிரிக்காதவர்கள் ஆபீசில் இல்லை. கடந்த ஆறு வாரமாகத் தட்டு வந்தது அசோகனின் மேஜைக்கு. அவனும் சிரித்தவன்தான்.

“பாட்டெல்லாம் நல்லா இருந்துச்சு சார். ஆனா நான் பாட்டைப் பத்திப் பேச வரல.” அசோகன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “உங்களுக்குத்தான் தெரியுமே. தை மாசம் குழந்தை தங்காம போனதிலேர்ந்து வள்ளியம்மா யார்கிட்டயும் பேசல. சமைப்பா, சோறு போடுவா, சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்துடுவா. எங்க அத்தை வந்து பாத்தாங்க, டாக்டர் வந்து பாத்தாரு, ஒண்ணும் பிரயோஜனமில்ல. சிவாஜிநகர் குஜிரில, பழைய சாமான் விக்கிற கடைல, ஒரு கிராமபோன் வாங்கிவந்து, நீங்க குடுத்த தட்டைப் போட்டேன். சும்மா, வீட்ல ஒரு சத்தம் இருக்கட்டுமேன்னுதான்.”

“ம்.”

“மூணாவது வாரத் தட்டு ஓடிக்கிட்டிருக்கு. திடீர்னு, ‘இதுவும் அதே கைதான்’ங்கறா. நாலு மாசத்துல பேசின முதல் பேச்சு சார்! எனக்கு ஒண்ணும் புரியல. ‘பாடறவங்க வேற வேற. வயலின் மட்டும் ஒரே ஆளு. பாட்டு முடிஞ்சும் சட்டுனு விட்டுட்டுப் போகல பாருங்க, வாசல்வரைக்கும் கூட வந்து வழியனுப்புற மாதிரி வாசிக்குது’ன்னா. சொல்லிட்டு அழுதா. குழந்தை போனப்ப அழாதவ சார், அன்னிக்குத்தான் அழுதா. நானும் அழுதேன்.”

சீனிவாசராகவன் கண்ணாடியைக் கழற்றினார். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

“இப்ப தெருக்குழாயில சண்டை போடுற அளவுக்குத் தேறிட்டா!” அசோகன் சிரித்தான். “வர்ற வெள்ளிக்கிழமை அல்சூர் கோயில்ல அந்த வயலின்காரர் பேருக்கு அர்ச்சனை பண்ணணுமாம். குருக்கள் பேரு, நட்சத்திரம் கேப்பாரே? தட்டைத் திருப்பித் திருப்பிப் பாக்கறேன், பாடினவங்க பேருதான் பெரிசா போட்டிருக்கு. வயலின் பேரு ஒண்ணுலயும் இல்ல. எங்க வீட்ல மறுபடி பேச்சுச் சத்தம் கேக்க வெச்ச மனுஷர். பேரு தெரியாம அவருக்கு எப்படி சார் நன்றி சொல்றது?”

“போடமாட்டா. பேரைப் போடக்கூடாதுன்னு அவா ஆத்துல கண்டிஷன். தட்டுல வாசிக்கறதே கௌரவக் குறைச்சல்னு நெனச்ச மனுஷா. பேரில்லாம வாசிக்கறதுன்னா வாசிச்சுட்டு வரட்டும்னு விட்டா.”

“அப்ப உங்களுக்கு அவரைத் தெரியுமா சார்?” அசோகன் எழுந்தே விட்டான்.

“தெரியும்.”

“மெட்ராஸ்ல இருக்காரா? கடுதாசி போட்டா கிடைக்குமா?”

“பெங்களூர்தான்.” அவர் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார். “சுதந்திரம் வந்த வருஷத்துலேர்ந்து, பதினோரு வருஷமா, ஆபீஸ் பூரா இந்தத் தட்டுகளைக் குடுத்திண்டிருக்கேன் அசோகா. ‘என்ன குரல், என்ன சாரீரம்’னு எல்லாரும் சொல்லுவா. சந்தோஷம்னு திருப்பி வாங்கி வெச்சுப்பேன். வயலின் யாருன்னு ஒருத்தராவது கேக்கமாட்டாளான்னுதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் சீட்டு எழுதினேன். கேட்டது உன் ஆம்படையாள் ஒருத்திதான். நன்றி சொல்ல வேண்டியது நான்தாம்ப்பா, அவளுக்கு.”

அசோகனுக்கு அவர் பேச்சு முழுதாக விளங்கவில்லை. ஆபீசில் அவர் இப்படிப் பேசிப் பார்த்ததில்லை. வந்த காரியம் முடிந்தால் போதுமென்று, சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டான்.

“சொல்லுங்க சார், எழுதிக்கறேன்.”

சீனிவாசராகவன் அடுக்களைக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

“ரோகிணி நட்சத்திரம். பேரு, கோமளம்.”